ஐந்து மதிப்பெண் பதிலும் ஆறு மணி ஜீப்பும்

"கல்யாணமே ஆகாத புள்ளைக்கு இதப் பத்தி என்னத்தத் தெரியும்?"

இப்படிக் கேட்டவர் முன்சீட்டு அத்தை. எங்களுக்கு உறவில்லை. தெருவில் எல்லோருக்கும் அவர் அத்தைதான். கம்பத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து தினமும் காலை ஆறு மணிக்கு ஒரு ஜீப், மெட்டு மலைச்சாலை ஏறிக் கேரளாவின் ஏலத்தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப் போகும். அந்த ஜீப்புக்கு ஆள் சேர்ப்பவர் அத்தை. டிரைவர் பக்கத்து இடம் அவருக்கு மட்டும்தான்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. என் மதினியை மறுபடி வேலைக்குக் கூப்பிட வந்திருந்தார். மதினி, என் அண்ணன் மனைவி, குழந்தை பெற்று மூன்று மாதம் முடியப் போகிறது. முதல் குழந்தை, பெண்.

"காய் முத்திக் கெடக்கு, எடுக்க ஆளில்லாமத் தவிக்கிறாக. நீ எப்பத்தா வார?" என்றார் அத்தை. பிறகு குரலைக் கொஞ்சமும் குறைக்காமல், "அடுத்தது தங்காம இருக்க ஏதாச்சும் செஞ்சிருக்கியா? காப்பர்-டி கீப்பர்-டி மாட்டிவிட்டாகளா?" என்று கேட்டார்.

"இல்லத்தை. ஆசுபத்திரியில கேட்டாக. நாந்தான் வேணாம்னுட்டேன்."

"நல்லதுதான். அது நெஞ்சுக்கு ஏறிரும்னு சொல்றாக. அப்ப என்ன தைரியத்துல இருக்க?"

மதினி குழந்தையின் காலைத் தடவிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. வெளியே வந்து, "பால் குடுக்குற வரைக்கும் நிக்காது அத்தை" என்றேன். அப்போதுதான் அத்தை அந்தக் கேள்வியைக் கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் பள்ளிக்கூடத்துக்குள் போனது ஓட்டுப் போட மட்டும்தான். அண்ணன் ஆறாவதோடு நின்றுவிட்டான். நான் உத்தமபாளையத்தில் விலங்கியல் பட்டம் முடித்து, கம்பத்தில் ஒரு இ-சேவை மையத்தில் வேலை பார்த்துக்கொண்டே அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பட்டச் சான்றிதழைச் சட்டம் போட்டுச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். அதற்கு நேர் கீழே நின்றுகொண்டு எனக்கு என்ன தெரியும் என்று கேட்கிறார்.

"கல்யாணம் ஆனாத்தான் தெரியும்னா, டாக்டருமாரு எல்லா நோவையும் பட்டுப் பாத்தா படிச்சு வந்தாக?" என்றேன்.

அத்தை சிரித்துவிட்டார். "வாய் மட்டும் மெட்டு ஏறிரும். சரி, சொல்லு டீச்சரு."

சொன்னேன். குழந்தை சப்பும்போது தாயின் மூளைக்குச் செய்தி போகிறது. பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் கூடுகிறது. அந்த ஹார்மோன் கூடி இருக்கும் வரை முட்டைப்பையில் முட்டை முதிர்ந்து வெளியே வருவது நின்றிருக்கும். முட்டையே வராதபோது கரு எங்கிருந்து வரும்? கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். பிளஸ் டூ பரீட்சையில் ஐந்து மதிப்பெண் கேள்வியாக வந்து நான் முழு மதிப்பெண் வாங்கிய பதில் அது.

"மாசாமாசம் வர்ற தூரமும் இன்னும் வரல" என்றாள் மதினி, நான் சொன்னதற்குச் சாட்சி சொல்வது போல.

"வராது மதினி. முட்டை வராட்டி தூரமும் வராது."

அத்தை அரைமனதாகத் தலையாட்டினார். மதினியோ முழு மனதாக என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருந்தது.

மதினிக்கு ஏன் இது அவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும். அவள் பிரசவம் லேசாக நடக்கவில்லை. வயிற்றை அறுத்துத்தான் குழந்தையை எடுத்தார்கள். முன்பே ரத்தம் குறைவு. அறுவையில் இன்னும் போய், இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும் அன்று டாக்டரம்மா அண்ணனை நிற்க வைத்து, "மூணு வருசத்துக்கு இன்னொன்னு கூடாது. இந்த ஒடம்பு தாங்காது" என்று சொன்னார்கள். அண்ணன் பள்ளிப் பையன் மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். நானும் பக்கத்தில் நின்றிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமை மதினி ஜீப்பில் ஏறினாள்.

ஆறு மணிக்கு ஏறினால் சாயங்காலம் ஆறரை ஆகும் அவள் இறங்க. போகும் முன் ஒரு தடவை பால் கொடுப்பாள். வந்து கால் கழுவியதும் மறுபடி. நடுவில் பன்னிரண்டு மணி நேரம். அம்மா பசும்பாலைத் தண்ணீர் சேர்த்துக் காய்ச்சி ஆற வைப்பாள். ஒன்பது மணிக்கு நான் வேலைக்குக் கிளம்பும் முன் மடியில் போட்டுப் பாட்டிலைக் கொடுப்பேன். குழந்தை முதலில் முகத்தைத் திருப்பியது. ஒரு வாரத்தில் பாட்டிலைப் பார்த்ததும் வாயைத் திறந்தது. அது குடித்து முடிப்பதை ஒரு சாதனை போல மதினியிடம் சொல்வேன்: "இன்னைக்கு ஒரு சொட்டு மிச்சம் வைக்கல."

மதினி சொல்வாள், மத்தியானம் மார்பு கல்லாகக் கட்டிக்கொள்கிறது, ஏலச்செடி மறைவில் உட்கார்ந்து பாலைப் பிழிந்து மண்ணில் விடுகிறேன் என்று. நாள் போகப் போக, இப்போது அவ்வளவாகக் கட்டுவதில்லை என்றாள். "பழகிருச்சு போல" என்றேன். நான் விளக்கிய அந்த ஹார்மோன் குறைந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. பாட்டில் என் கையிலேயே இருந்தது. அப்படியும் தோன்றவில்லை.

தெரிய வந்தது ஒரு ஜெராக்ஸ் இயந்திரத்தின் முன்னால்.

குழந்தைக்கு ஐந்தாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் ஊர்ப்பக்கத்துத் துணை சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த நர்ஸ், ஸ்கூட்டியை வெளியே ஓரம் கட்டிவிட்டு, இ-சேவை மையத்துக்குள் வேகமாக வந்தாள். என் வயதுதான் இருக்கும். ஆண்டிபட்டிப் பக்கத்துப் பெண். கையில் ஒரு தாள்.

"இருபது காப்பி. சீக்கிரம் வேணும். கூட்டம் பதினொன்றரைக்கு, இப்பவே பதினொன்னேகால்."

தாளை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். ஒவ்வொன்றாக வெளியே வந்தது. சூடான தாளை எடுத்து அடுக்கும்போது கண் அதில் ஓடியது. குடும்பநல முறைகள். ஊசி, மாத்திரை, காப்பர்-டி, ஆணுறை. கீழே ஒரு கட்டம்: தாய்ப்பால் முறை. மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டுமே இது வேலை செய்யும் என்று போட்டிருந்தது. குழந்தைக்கு ஆறு மாதம் முடியாமல் இருக்க வேண்டும். மாதவிடாய் திரும்ப வராமல் இருக்க வேண்டும். இரவும் பகலும் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது, வேறு பால் கூடாது.

ஐந்தாவது தாளில் வாசித்தேன். ஆறாவதிலும் அதுவே இருந்தது. இருபதாவது வரை அதுவேதான் வந்துகொண்டிருந்தது.

பரீட்சையில் நான் எழுதிய பதிலின் மேல்பாதி எனக்கு நன்றாக நினைவிருந்தது. கீழ்ப்பாதியையும் எழுதியிருப்பேன், முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேனே. அது எங்கே போனது?

"ஒரு சந்தேகம்" என்றேன். "அம்மா காலையிலயும் சாயங்காலமும் குடுக்குறாங்க. பகல்ல பாட்டில் பால். அப்ப?"

"அப்ப இந்தக் கட்டமே அவங்களுக்குப் பொருந்தாது" என்றாள் நர்ஸ், தாள்களைத் தட்டி ஒழுங்குபடுத்திக்கொண்டே.

"தூரம் இன்னும் வரலையே."

"மொத முட்டை வந்து ரெண்டு வாரம் கழிச்சுத்தான் தூரம் வரும். அந்த மொத முட்டையிலயே நின்னுட்டா தூரத்தப் பாக்கவே மாட்டாங்க. வயிறு தெரியிறப்பத்தான் தெரியும். அப்படி ரெண்டு பேரு என் ரிஜிஸ்டர்லயே இருக்காங்க." நிமிர்ந்து என் கழுத்தைப் பார்த்தாள், பிறகு முகத்தை. "யாருக்கு?"

"எங்க மதினிக்கு. நாந்தான் பயமில்லைன்னு சொன்னேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பேச நேரமில்லை. ஆனாலும் நின்று சொன்னாள். சிறுநீரில் பார்க்கும் கிட் வாங்கி முதலில் ஒரு தடவை பார்க்க வேண்டும். இல்லை என்று வந்தாலும் அது உறுதி ஆகாது. இன்றிலிருந்து இருவரும் விலகி இருந்து, மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தால்தான் உறுதி. "அதுவும் இல்லைன்னா கூட்டிட்டு வாங்க. ஏதாச்சும் ஒரு முறைய எடுத்துக்கிரலாம். எந்தக் கோடு வந்தாலும் கூட்டிட்டு வாங்க, ஒளிச்சு வைக்காதீங்க."

அன்று மீதி நாள் எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஒருவருடைய வருமானச் சான்றிதழ் விண்ணப்பத்தில் இன்னொருவர் அப்பா பெயரை அடித்தேன். வீட்டுக்குப் போனதும் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் வாக்கியங்களை அடுக்கினேன். மதினி ஜீப்பிலிருந்து இறங்கி, பையைக் கூடக் கீழே வைக்காமல் குழந்தையை வாங்கினாள். நான் சொல்லவில்லை.

மறுநாளும் சொல்லவில்லை. பயம் பாதி. மற்ற பாதியை ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருக்கிறது: நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்ற வார்த்தை வாயில் வரவில்லை. இந்த வீட்டில் ரேஷன் கார்டு முதல் ஆஸ்பத்திரிச் சீட்டு வரை நான் வாசித்துச் சொல்வதுதான். அம்மா அதைத் திருப்பிக் கேட்டதே இல்லை. அந்த இரண்டு நாளும் அண்ணன் வீட்டில்தான் இருந்தான் என்பதும் எனக்குத் தெரியும். அதை நினைக்கும்போதெல்லாம் எழுந்து எங்கேயாவது நடந்தேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன், காட்டிய தண்ணீரையே மறுபடி காட்டினேன்.

மூன்றாம் நாள் வேலை முடிந்து பஸ் ஏறி உத்தமபாளையம் போனேன். கம்பத்தில் மருந்துக்கடைக்காரர்கள் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். உத்தமபாளையம் கடைக்காரர் கேட்ட பொருளை எடுக்கும் முன் என் கழுத்தைப் பார்த்தார். தாலி இல்லை. எடுத்து, செய்தித்தாளில் சுற்றி, அதை ஒரு கறுப்புப் பையில் போட்டார். "ரெண்டு வேணும்" என்றேன் அவர் கண்ணைப் பார்த்து. இன்னொன்றையும் சுற்றினார்.

வீட்டுக்குப் பின்னால் துணி துவைக்கும் கல் இருக்கிறது. மதினி குழந்தையின் துணியை அலசிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பாட்டில் பால் விஷயத்தில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். வேகமாகச் சொன்னேன். அவள் அலசுவதை நிறுத்தவில்லை.

"நீ சொன்னன்னுதான ஒங்கண்ணன்கிட்ட நான் ஒன்னும் சொல்லாம இருந்தேன்" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசியிருப்பேன்.

மறுநாள் காலை, ஜீப்புக்கு முன்னால், முதல் கிட்டைப் பார்த்தோம். ஒரு கோடு. கரு இல்லை. மதினி மூச்சை விட்டாள். "இன்னும் மூணு வாரம் இருக்கு மதினி" என்றேன். விட்ட மூச்சை அவள் திரும்ப இழுத்துக்கொண்டது எனக்குக் கேட்டது.

அண்ணனிடம் மதினியே சொன்னாள். அவன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனான். மறுநாள் மதினி சொன்னாள்: "'டிகிரி வாங்குனவ தப்பாச் சொன்னதுக்கு ஆறாப்புப் படிச்சவன் ஏன்டி மாடியில கொசுக்கடி படணும்'னு கேக்குறாக." சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் மூன்று வாரமும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. கோபமா கூச்சமா என்று இன்னும் தெரியாது.

அந்த மூன்று வாரத்தில் மதினியின் உடம்பை நான் வேவு பார்த்தேன். சாயங்காலம் ஜீப் வரும்போது வாசலில் நிற்பேன். அவள் எந்தக் காலை முதலில் ஊன்றுகிறாள், இடுப்பில் கை வைக்கிறாளா, முகம் வெளுத்திருக்கிறதா. சோற்றை ஒதுக்கினால் ஒதுக்கியது தெரியும். புளி கேட்டால் மறுபடி நாள் எண்ணுவேன். "இப்படிப் பாக்காத புள்ள. நீ பாக்குறதுலயே எனக்கு வாந்தி வந்துரும்" என்றாள் ஒருநாள்.

இரண்டாவது வாரம் உண்மையாகவே வந்தது. மெட்டுச் சாலையில், ஜீப் ஒரு வளைவில் திரும்பும்போது, பின்பக்கம் தலையை நீட்டி வாந்தி எடுத்திருக்கிறாள். முன்சீட்டு அத்தை திரும்பி ஒரு எலுமிச்சம்பழத்தை நீட்டி, "என்னத்தா, மசக்கையா?" என்று கேட்டாராம். ஜீப்பில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களாம்.

"நேத்து மீன்கொழம்புன்னு சொன்னேன்" என்றாள் மதினி. "மீன்கொழம்புதான?"

எனக்குத் தெரியாது. முதல் தடவையாக அவளிடம் அப்படியே சொன்னேன். "தெரியல மதினி."

அன்று அவள் தழும்பைக் காட்டினாள். குளித்துவிட்டு வந்து, சேலையைக் கட்டும் முன், அடிவயிற்றில் விரலை வைத்தாள். தழும்பின் ஓரம் இன்னும் சிவப்பாக இருந்தது. "இது மேலேயே இன்னொன்னு வளந்தா பிரிஞ்சிருமா?" என்று கேட்டாள். சேலையின் கொசுவத்தைப் பிடித்துக் கொடுத்தேன்.

இருபத்திரண்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது கிட். சொட்டு விட்டு ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். மதினி துவைக்கும் கல்லில் உட்கார்ந்து வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். ஒரு கோடு. ஐந்து நிமிடம் ஆனது, பத்து ஆனது. ஒரு கோடுதான்.

"ஒன்னுதான் மதினி."

அவள் அழவில்லை. கல்லிலிருந்து எழுந்து, வாளித் தண்ணீரை மொண்டு முகத்தில் அடித்துக்கொண்டாள். "மாடியில இருக்கறவுகள எறங்கி வரச் சொல்லிரலாமா?"

"இப்ப வேணாம். மொதல்ல நர்ஸ்கிட்டப் போவோம்."

வியாழக்கிழமை மதினி ஒருநாள் லீவு போட்டாள். துணை சுகாதார நிலையம் ஒன்பதரைக்குத் திறந்து நாலரைக்குப் பூட்டும். ஜீப் ஏறும் பெண்கள் அது திறந்திருந்து பார்த்ததே கிடையாது.

நர்ஸ் மதினியின் விரலில் குத்தி ரத்தம் பார்த்தாள், பிரஷர் பார்த்தாள். மேசையில் மாதிரிகளைப் பரப்பினாள். மதினி முதலில் காப்பர்-டியைத்தான் கையில் எடுத்தாள். தீக்குச்சியை விடச் சின்னது. "இதா நெஞ்சுக்கு ஏறுது?"

"நெஞ்சுக்குப் போறதுக்கு அங்கன இருந்து வழியே கெடையாதுக்கா" என்றாள் நர்ஸ். "கர்ப்பப்பைக்குள்ள உக்காந்திருக்கும். இதுல சுத்தியிருக்கற செம்பு விந்தணுவ முடக்கிரும். முட்டைகிட்டப் போக விடாது. வேணாம்னா எடுத்துரலாம், எடுத்ததும் பழையபடி நிக்கும். ஆனா ஒங்களுக்கு இப்ப ரத்தம் கம்மி. இது போட்ட புதுசுல தூரம் கொஞ்சம் கூடப் போகலாம். ரத்தம் ஏறட்டும், பெறகு யோசிப்போம்."

"தெனம் போடுற மாத்திரை?"

"அது முட்டைய வர விடாது. ஆனா பால் குடுக்கற அம்மாவுக்கு, புள்ளைக்கு ஆறு மாசம் முடியற வரைக்கும் அது வேணாம். பால் குறையலாம். வாரத்துக்கு ஒன்னு போடுற மாத்திரை இருக்கு, அது பாலுக்கு ஒன்னும் செய்யாது. மொத மூணு மாசம் மட்டும் வாரத்துக்கு ரெண்டு."

"நான் ஜீப்பு ஏறுறதுக்குள்ள தலை சீவவே மறந்துருவேன். மாத்திரையா ஞாபகம் இருக்கும்?"

ஊசியைப் பற்றிக் கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒன்று. அதுவும் முட்டை வெளியே வராமல் நிறுத்தி வைக்கிறது, கர்ப்பப்பை வாயில் இருக்கும் சளியைக் கெட்டியாக்கி விந்தணு உள்ளே போகாமல் தடுக்கிறது. தூரம் கண்டபடி வரலாம், வராமலே நின்றும் போகலாம். "கெட்ட ரத்தம் உள்ள தங்கிருச்சுன்னு யாராச்சும் சொல்வாங்க. அப்படி ஒன்னும் தங்காது" என்றாள் நர்ஸ். நிறுத்தினால் மறுபடி கரு நிற்கச் சில மாதங்கள் பிந்தும் என்றாள்.

"பிந்தட்டும்" என்றாள் மதினி. "மூணு வருசம் இருக்கே."

கையை நீட்டினாள். ஊசி போட்ட பிறகு நர்ஸ் ஒரு பாக்கெட் ஆணுறையையும் கொடுத்தாள். முதல் ஏழு நாளைக்கு அதுவும் வேண்டும், அதன் பிறகுதான் ஊசியை மட்டும் நம்பலாம்.

"அந்த ஏழு நாள் கணக்க ஒங்கண்ணனுக்கு நீயே எழுதிக் குடுத்துரு" என்றாள் மதினி வெளியே வந்ததும். "எழுதிக் குடுத்தாத்தான் நம்புவாக. வாயால சொன்னா இனிமே நம்ப மாட்டாக." நான் ஒரு துண்டுத்தாளில் ஊசி போட்ட தேதியும் ஏழாம் நாளின் தேதியும் எழுதினேன். அதற்கு மேல் எழுத எனக்கும் கூச்சம்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது, இருபுறமும் திராட்சைப் பந்தல், வேறு யாரும் இல்லை. இனிமேல் நான் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். அப்போது மதினி சொன்னாள்.

"ஜீப்புல இன்னும் ரெண்டு பேரு இருக்காக."

"என்ன ரெண்டு பேரு?"

"கைப்புள்ளக்காரிக. ஒருத்தி புள்ளைக்கு நாலு மாசம். இன்னொருத்திக்கு ஏழோ எட்டோ. நான் வேலைக்கு வந்த மொத வாரமே கேட்டாக. 'எங்க நாத்தனா டிகிரி படிச்சவ, பால் குடுக்குற வரைக்கும் பயமில்லைன்னு சொன்னா'ன்னு சொன்னேன். நம்பிட்டாக. அத்தையே பெறகு நாலு பேருகிட்டச் சொன்னாக."

ஏழோ எட்டோ மாதம். ஆறு தாண்டிவிட்டது. முழுக்கத் தாய்ப்பால் கொடுத்திருந்தால்கூட அவளுக்கு அது பொருந்தாது.

"நானே சொல்லிர்றேன். நீ வர வேணாம்" என்றாள் மதினி.

"நீங்க எப்படிச் சொல்லுவீக?"

"எங்க நாத்தனா தப்பாச் சொல்லிட்டான்னு சொல்லுவேன். வேற எப்படி?"

அந்த வாக்கியத்தை அவள் அந்த ஜீப்பில் சொல்வதையும், முன்சீட்டில் அத்தை மெதுவாகத் தலையைத் திருப்புவதையும் என்னால் பார்க்க முடிந்தது. அன்று சாயங்காலம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை வேலைக்குப் போனேன். இடைவேளையில், நர்ஸிடம் வாங்கி வந்திருந்த தாளை நானே ஜெராக்ஸ் எடுத்தேன், பன்னிரண்டு காப்பி. தாய்ப்பால் கட்டத்தை ஒவ்வொன்றிலும் சிவப்பு மையால் சுற்றினேன். சனிக்கிழமை உத்தமபாளையம் போய் இன்னும் இரண்டு கிட் வாங்கினேன். கடைக்காரர் இந்தத் தடவை என் கழுத்தைப் பார்க்கவில்லை. எதுவும் கேட்காமல் கறுப்புப் பையை எடுத்தார்.

திங்கட்கிழமை காலை மதினிக்குப் பின்னால் நானும் ஜீப்பில் ஏறினேன். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு பலகை, பதினோரு பெண்கள். முழங்காலும் முழங்காலும் இடித்தன. சாப்பாட்டுத் தூக்குகள் எங்கள் காலடியில் உருண்டன.

"என்ன டீச்சரு, காய் எடுக்க வாரியா?" என்றார் அத்தை திரும்பாமலே.

"இல்லத்தை. மெட்டுல எறங்கிப் பஸ்ஸுல திரும்பிருவேன். ஒன்னு சொல்லணும்."

முதல் வளைவுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று வைத்திருந்தேன். மூன்றாவது வளைவில்தான் வாய் வந்தது. நான் சொன்னது பாதிதான், உங்களுக்கு அது பொருந்தாது என்றேன். காலையில் கிளம்பி இருட்டும்போது திரும்புகிறவர்களுக்கு அந்த முறை கிடையாது. புள்ளை பாட்டில் குடித்தால் கிடையாது. ஆறு மாதம் தாண்டினால் கிடையாது. தாள்களைக் கொடுத்தேன். வாசிக்கத் தெரிந்த இருவர் மற்றவர்களுக்குச் சத்தமாக வாசித்தார்கள்.

அத்தை இப்போது திரும்பினார். "அப்ப, அன்னைக்கு அம்புட்டுப் பேசுன?"

"பேசுனேன் அத்தை. தப்பு."

அவர் கையை நீட்டினார். "அந்தத் தாள எனக்கும் ஒன்னு குடு" என்றார். "வாசிக்கத் தெரியாது. மருமககிட்டக் குடுக்கேன்."

பிறகு ஜீப் முழுக்கப் பேச்சு. ஒரு பெண்ணின் கணவர் வாரம் முழுக்கத் தோட்டத்திலேயே தங்குகிறார், சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். ஆகவே அவள் தினம் போட வேண்டிய மாத்திரையைச் சனிக்கிழமை மட்டும் போடுகிறாள், ஒரு வருடமாக. "அவுக வராத நாளைக்கு எதுக்கு வீணாக்கணும்?" என்றாள். தினம் போட்டால்தான் அது முட்டையை நிறுத்தி வைக்கும், ஒருநாள் போட்டால் ஒன்றும் செய்யாது என்றேன். அதுவரை எனக்குத் தெரியும். விட்ட மாத்திரைக்கு இனி என்ன செய்வது என்று கேட்டாள். நர்ஸிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஆம்பளைக்கும் ஆபரேஷன் இருக்கிறது, பெண்ணுக்குச் செய்வதை விடச் சின்னது என்று தாளில் ஒருத்தி வாசித்தாள். "எங்க மாமாகிட்டச் சொன்னா இந்த மெட்டத் தாண்டி ஓடிருவாக" என்றார் அத்தை. டிரைவர் ஹாரனை அடித்தார், வளைவில் எதிரே வண்டியே இல்லை.

இரண்டு கைப்பிள்ளைக்காரிகளில், நாலு மாதக்காரி தாளை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். தன் வீட்டுக்காரர் கேரளாவிலேயே இருக்கிறார், தீபாவளிக்குத்தான் வருவார், அதற்குள் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். மற்றவள் ஏழெட்டு மாதக்காரி. அனுமந்தன்பட்டியிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், என்னை விட இரண்டு வயது சின்னவளாக இருப்பாள். பள்ளத்தாக்கைப் பார்த்தபடி வந்தாள்.

மெட்டில் நான் இறங்கியபோது அவளும் கால் நீட்டிக்கொள்வது போல இறங்கினாள். கறுப்புப் பையை நீட்டினேன். வாங்கி, சாப்பாட்டுத் தூக்குக்கு அடியில் வைத்தாள்.

"அட்டையில போட்டிருக்குறத எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றாள். "பாக்கும்போது கூட ஒரு ஆள் இருந்தா நல்லா இருக்கும்."

இன்று புதன்கிழமை, அவள் ஜீப்பில் ஏறவில்லை. நானும் லீவு சொல்லிவிட்டேன். ஒன்பதரைக்குக் கதவு திறக்கும்போது நாங்கள் இருவரும் துணை சுகாதார நிலையத்து வாசலில் நிற்போம் என்று நர்ஸுக்கு முந்தின நாளே சொல்லியிருந்தேன். இதை அந்த வாசல்படியில் உட்கார்ந்து எழுதும்போது மணி ஒன்பது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள், இன்னும் பிரிக்காத பையை மடியில் வைத்துக்கொண்டு. நர்ஸின் ஸ்கூட்டிச் சத்தம் இன்னும் கேட்கவில்லை.